இருபத்தெட்டில் நிற்க வேண்டிய கோடு

போன வாரம் பழைய ஊழியர்களுக்குத் தேநீர் விருந்து என்று கூப்பிட்டீர்கள். வந்தேன். ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். மூலையில் ஒரு பெட்டி, ரொட்டி சுடும் அடுப்பு அளவுதான் இருக்கும். அதில் கொஞ்சம் பெட்ரோலை விட்டால் எத்தனால் எத்தனை சதவீதம் என்று ஒரு நிமிடத்தில் திரையில் காட்டிவிடுகிறது. "இதுல தப்பே வராது ஆண்ட்டி" என்று உங்களில் ஒரு பெண் சொன்னாள். சொல்ல என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வாய் நிறையக் கறிபாப் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் இந்திராணி. இந்த பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். முதல் பதினோரு ஆண்டுகள் லைனில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வழியாகச் சாலிடர் பார்த்தேன். பிறகு ஆய்வகத்தில் எண்ணெய், அதாவது வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல், பார்த்தேன். இப்போது ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஏழாவது மாடியில் இருக்கிறேன். காலையில் தொழிற்சாலைப் பேருந்து கீழே திரும்பும் சத்தம் கேட்டால் இன்னமும் கை தானாகச் சீருடையைத் தேடுகிறது. என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும், அவர் கடை வைத்திருந்தவர், அவருக்குப் பேருந்து தெரியாது.

எங்கள் காலத்தில் அந்தப் பெட்டி கிடையாது. நூறு மில்லி கண்ணாடிச் சிலிண்டர் ஒன்று, தண்ணீர், ஒரு ரப்பர் மூடி, அவ்வளவுதான். பத்து மில்லி தண்ணீர் விட்டு, அதன்மேல் தொண்ணூறு மில்லி எண்ணெய் விட்டு, மூடிக் குலுக்கி வைத்துவிட வேண்டும். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர்மேல் ஆசை அதிகம். பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். சற்றுப் பொறுத்தால் இரண்டும் பிரிந்து நடுவில் ஒரு கோடு தெரியும். பத்தில் இருந்த கோடு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு எத்தனால். இருபது சதவீதக் கலவை என்றால் கோடு இருபத்தெட்டில் நிற்கும். கண்ணை நேராக வைத்துப் பார்த்தால் போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யலாம். அப்படிப்பட்ட சோதனையில்தான் நான் ஒரு மனிதருடைய வேலைக்கு உலை வைத்தேன்.

அப்போது நாங்கள் ஒரு சென்சர் செய்துகொண்டிருந்தோம். கட்டைவிரல் நீளம் இருக்கும். வண்டியின் எண்ணெய்க் குழாயில் பொருத்திவிட்டால், ஓடுகிற எண்ணெயில் எத்தனால் எவ்வளவு என்று எஞ்சினின் கணினிக்குச் சொல்லும். எத்தனால் கூடினால் எஞ்சினுக்குக் கூடுதலாக எண்ணெய் பீய்ச்ச வேண்டும், குறைந்தால் குறைக்க வேண்டும். சென்சர் பொய் சொன்னால் வண்டி திணறும். அதைச் சாலையில் ஓட்டிப் பார்க்க வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு வெள்ளைப் பிக்கப் லாரியைக் கப்பலில் அனுப்பியிருந்தார். வெறும் பெட்ரோல் ஊற்றினாலும் ஓடும், எத்தனாலைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினாலும் ஓடும், அப்படி ஒரு வண்டி. நம் ஊர்ப் பெட்ரோல் நிலையங்களில் அந்தக் கலவை கிடைக்காது. நாங்களே கலந்து பீப்பாய்களில் வைத்திருப்போம். இருபது சதவீதக் கலவை இருந்த பீப்பாயை 'இருபது' என்றே கூப்பிடுவோம்.

வண்டியை ஓட்டியவர் ஆறுமுகம் அண்ணன். அக்கரையில் இருக்கும் சுங்கை பாக்காப்பிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலத்தைத் தாண்டித் தீவில் இருக்கும் தொழிற்சாலைக்கு வருவார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது, கம்பெனியில் பத்தொன்பது ஆண்டு. தீவைச் சுற்றி, பாலிக் புலாவ் மலைப்பாதை ஏறி இறங்கி, பாலத்தைக் கடந்து நிபோங் திபால் வரை போய்த் திரும்ப வேண்டும். திரும்பியதும் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் தொட்டியை நிரப்பி, எத்தனை லிட்டர் என்று பதிவேட்டில் எழுதி, வண்டியை நிறுத்துவார். ஒரே ஒரு கட்டளை: வெளியே எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் ஒரு சொட்டும் போடக் கூடாது. போட்டால் அத்தனை வாரச் சோதனையும் வீண், போட்டவருக்கு வேலையும் இல்லை.

என்னை அவர் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். "எல்லாரும் பால்ல தண்ணி ஊத்துவாங்க, எங்க டாக்டர் எண்ணெயில தண்ணி ஊத்துவாங்க லா" என்று கேன்டீனில் நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். நானும் சும்மா இருக்க மாட்டேன். "நீங்க பாலத்துல முப்பதுல போறீங்களாமே அண்ணே, நடந்து போறவங்க டாட்டா காட்டுறாங்களாம்" என்பேன். அந்த மதிய நேரங்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. மேலே விமானம் தாழப் பறந்து போகும், யாருக்கும் எதுவும் கேட்காது, அது போகும்வரை கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.

அந்த வருடம் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கள் விடுமுறை. வெள்ளிக்கிழமையே நான் விடுப்புப் போட்டுவிட்டு நிபோங் திபாலில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். கணவர் கார் ஓட்டினார். சுங்கை பாக்காப் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பார்த்தேன்: பெட்ரோல் நிலையத்துக்குள் எங்கள் வெள்ளைப் பிக்கப் நிற்கிறது. அது தீவில் ஒன்றே ஒன்று, தப்பாக அடையாளம் காண வழியே இல்லை. 'இவருக்கு இங்கே என்ன வேலை?' என்று நினைத்தேன். பச்சை விளக்கு விழுந்தது. அக்கா வீட்டு முறுக்கில் அதை மறந்துவிட்டேன். மறந்துவிட்டதாக நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குத் திரும்பினோம். ஒன்பது மணிக்குள் செய்தி வந்தது, பிக்கப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. திக்கித் திக்கி ஓடி, ஒருமுறை உலுக்கி, அணைந்துவிட்டதாம். காலை நேரத்துப் பாலத்தில் ஒரு வண்டி நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இழுவை லாரி போய்க் கட்டி இழுத்துவந்து பின்பக்க முற்றத்தில் விட்டது. ஆறுமுகம் அண்ணன் வியர்த்து வழிந்து இறங்கினார். "தொட்டி ஃபுல்லா இருக்கு டாக்டர், ஆனா காடி எண்ணெயே இல்லாத மாதிரி செத்துருச்சு" என்றார். வண்டியை அவர் காடி என்றுதான் சொல்வார்.

என் மேலாளர் மிஸ்டர் ஊய். நல்ல மனிதர், அவசரக்காரர். அன்று மூன்று மணிக்கு வாடிக்கையாளரோடு தொலைபேசிக் கூட்டம். அதற்குள் காரணம் வேண்டும் என்றார். வண்டியின் பதிவில் சென்சர் காட்டிய எண்ணை முதலில் எடுத்தோம். இருபதில் இருக்க வேண்டியது மளமளவென்று ஏறி நூறில் முட்டி அங்கேயே நின்றிருந்தது. நூறு சதவீத எத்தனால் அந்தத் தொட்டியில் இருக்க வாய்ப்பே இல்லை. "சென்சர் செத்துவிட்டது" என்றார் மிஸ்டர் ஊய். நான் தொட்டி வாயில் ரப்பர் குழாயை விட்டு மாதிரி எடுத்தேன். எப்போதும் அப்படித்தான் எடுப்போம். எஞ்சின் பக்கம் எண்ணெய்க் குழாயைக் கழற்றி எடுப்பதுதான் முறை என்று கையேட்டில் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு இணைப்பு மாட்ட வேண்டும், கை நனையும், அரை மணி ஆகும். தொட்டி வாய் வழி என்றால் இரண்டு நிமிடம். 'ஒரே தொட்டி, ஒரே எண்ணெய், எங்கிருந்து எடுத்தால் என்ன?' என்று ஆய்வகம் முழுக்க ஒரு பழக்கம். யார் தொடங்கிய பழக்கம் என்று கேட்காதீர்கள், நான்தான்.

சிலிண்டரில் விட்டுக் குலுக்கினேன். இருபத்தெட்டில் நிற்க வேண்டிய கோடு பதினெட்டில் நின்றது. பத்தைக் கழித்தால் எட்டு. சதவீதக் கணக்கில் ஒன்பது. பாதிக்கும் மேல் எத்தனால் காணோம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள் பிள்ளைகளே. இருபது எதிர்பார்த்த இடத்தில் ஒன்பது வந்தால் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள் என்ன செய்ய வேண்டும்? திடுக்கிட வேண்டும். மறுபடி எடுக்க வேண்டும், சிலிண்டரை மாற்ற வேண்டும், மாதிரி எடுத்த இடத்தை மாற்ற வேண்டும். நான் திடுக்கிடவே இல்லை. என் மனசுக்குள் சிவப்பு விளக்கும் பெட்ரோல் நிலையமும் வெள்ளைப் பிக்கப்பும் தயாராகக் காத்திருந்தன. ஒன்பது என்ற எண் அவற்றோடு போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. வெளியே பெட்ரோல் போட்டிருக்கிறார், அதனால்தான் எத்தனால் மெலிந்துவிட்டது. நான் சிலிண்டரைக் குலுக்குவதற்கு முன்பே முடிவைக் குலுக்கி வைத்துவிட்டேன்.

அதை மிஸ்டர் ஊயிடம் சொல்லியும்விட்டேன். "வெள்ளிக்கிழமை வண்டியைப் பெட்ரோல் நிலையத்தில் பார்த்தேன்" என்றேன். அவர் முகம் மாறியது. அறிக்கை இரண்டு வரி. ஒன்று: தொட்டி எண்ணெயில் எத்தனால் ஒன்பது சதவீதம், வெளியிலிருந்து பெட்ரோல் சேர்க்கப்பட்டதாகத் தெரிகிறது. இரண்டு: சென்சர் பழுது. கீழே என் கையெழுத்து. பட்டப்படிப்பு இல்லாமல் அந்த ஆய்வகத்தில் கையெழுத்து அதிகாரம் வாங்கிய முதல் பெண் நான். அந்தப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருக்கும். அன்றும் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு ஆறுமுகம் அண்ணனை மனிதவளப் பிரிவுக்கு அழைத்தார்கள். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை, அதுவரை வேலைக்கு வரக் கூடாது. குற்றம் நிரூபணமானால் வேலை போய்விடும், ஒழுங்குமீறல் என்று கடிதத்திலும் எழுதுவார்கள். ஐம்பத்தேழு வயதில் அந்தக் கடிதத்தோடு போனால் எந்தக் கம்பெனி ஸ்டீயரிங்கைக் கொடுக்கும்?

வெளியே வந்தவர் நேராக ஆய்வகத்துக் கதவுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றார்.

"சுங்கை பாக்காப்ல காத்து அடிச்சேன் தங்கச்சி. முன் டயரு எறங்கியிருந்துச்சு. பெட்ரோல் பம்பு பக்கமே போகல."

டாக்டர் என்று கூப்பிடவில்லை. அதைக் கவனித்தேன். நான் ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"டெஸ்ட்ல ஒம்போதுன்னு வந்துருக்கு அண்ணே. நான் என்ன செய்ய?"

"அந்த டெஸ்ட்ட என் முன்னால ஒரு தடவ செஞ்சு காட்டு. ஊத்திக் காட்டு, நான் பாத்துட்டுப் போயிடுறேன். அப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"அப்படில்லாம் ரூல்ஸ்ல இல்ல அண்ணே. விசாரணை முடியட்டும்."

விதியில் அப்படி எதுவுமே இல்லை, செய்யலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். பேருந்தில் வழக்கமான ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை மதியம், வண்டியின் தொட்டியைக் காலி செய்து புது எண்ணெய் போடச் சொன்னார்கள். மெக்கானிக் ரோஸ்லி எஞ்சின் பக்கக் குழாயைக் கழற்றி, வண்டியின் சொந்தப் பம்பையே ஓடவிட்டு, ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் பிடித்தார். நான் கையெழுத்துக்காகப் பக்கத்தில் நின்றேன். ஜாடி நிரம்பியது. ரோஸ்லி முகர்ந்து பார்த்துவிட்டு மலாயில் சொன்னார், "அக்கா, இது பெட்ரோல் வாசனையே இல்லையே."

பார்த்தேன். நாங்கள் கலக்கும் பெட்ரோலுக்கு இளமஞ்சள் நிறம். ஜாடியில் இருந்ததற்கு நிறமே இல்லை, குடிதண்ணீர் மாதிரி இருந்தது.

உட்கார்ந்துவிட்டேன், முற்றத்துச் சிமெண்டுத் தரையிலேயே. ரோஸ்லி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றார். தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

உங்களுக்கும் சொல்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் ஒன்றும் தெரியாது, கரைந்துவிடும். ஒரு அளவைத் தாண்டினால், என் சிலிண்டரில் நடப்பதே தொட்டிக்குள் நடக்கும். தண்ணீர் எத்தனாலை இழுத்துக்கொண்டு கீழே போய்ப் படுத்துவிடும். மேலே மெலிந்த பெட்ரோல் மிதக்கும். நான் மேலே குழாய் விட்டு எடுத்தேன், ஒன்பது வந்தது. வண்டியின் பம்பு அடியிலிருந்து உறிஞ்சுகிறது. அங்கே எத்தனாலும் தண்ணீரும்தான். எங்கள் சென்சருக்குத் தண்ணீர் பட்டால் எத்தனால் ஏகமாக இருப்பதாகத் தோன்றும், அதனால் நூறில் முட்டிக்கொண்டது. சென்சர் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னது. சிலிண்டரும் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னது. நான் ஒன்றைப் பழுது என்று எழுதிவிட்டு, இன்னொன்றை வைத்து ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்கியிருந்தேன். இரண்டும் உண்மை என்றால் தொட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? ரோஸ்லியோடு பீப்பாய்க் கிடங்குக்கு ஓடினேன். கிடங்குக் கூரையைப் பழுது பார்க்கிறார்கள் என்று பீப்பாய்களைப் பத்து நாள் வெளியே வைத்திருந்தோம். 'இருபது' பாதி காலியாக, நிமிர்ந்து நின்றது. அதன் தலைவிளிம்புக்குள் மழைத்தண்ணீர் குளமாகத் தேங்கியிருந்தது, மூடி அந்தக் குளத்துக்குள் மூழ்கியிருந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் பாதி காலிப் பீப்பாய் மூச்சு விடும். காலை வெயிலில் கொதிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று மூடியின் திருகு வழியாக வெளியே போகும். மதியம் மழை கொட்டிச் சட்டென்று குளிர்ந்தால் மூச்சை உள்ளே இழுக்கும். மூடிமேல் தண்ணீர் நின்றால் தண்ணீரை இழுக்கும். அந்த மாதத்து பாயான் லெப்பாஸ் வெயிலும் மழையும் உங்களுக்குத் தெரியும், ஒரே நாளில் இரண்டும் உண்டு. பத்து நாள் குடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆறுமுகம் அண்ணன் கைப்பம்பால் அடியிலிருந்து இறைத்தபோது அந்தத் தண்ணீர்தான் முதலில் தொட்டிக்குப் போனது. மூன்று நாள் விடுமுறையில் வண்டி அசையாமல் நின்றது. எல்லாம் அழகாகப் பிரிந்து படுத்துக்கொண்டது.

பீப்பாயை வெளியே வைக்கலாம் என்று அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டது யார் என்று பார்த்தேன். இந்திராணி.

மிஸ்டர் ஊயின் அறைக்குப் போனேன். சொன்னேன். அறிக்கை வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு நாளாகிவிட்டது. அவர் மெதுவாகச் சொன்னார், "இந்திரா, நாளைக்கு விசாரணையில் 'மறு சோதனையில் தெளிவான முடிவு கிடைக்கவில்லை' என்று சொல். ஆதாரம் போதாது என்று அவரை விட்டுவிடுவார்கள். உன் கையெழுத்தும் பிழைக்கும், அவர் வேலையும் பிழைக்கும்."

அவர் கெட்டவர் இல்லை, எனக்கு உதவத்தான் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. கதவுவரை போனேன். அங்கே நின்றபோது ஒன்று தோன்றியது. 'ஆதாரம் போதவில்லை' என்று விட்டால், 'செய்தார், மாட்டவில்லை' என்றுதான் கேன்டீனில் பேசுவார்கள். ஓய்வு பெறும்வரை அவர் இன்னும் மூன்று ஆண்டு அந்தப் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். திரும்பி வந்து, "இல்ல சார், நான் தப்பா அளந்தேன்னே சொல்லிடுறேன்" என்றேன். "உன் இஷ்டம்" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. விசாரணை அறையில் நீள மேசை. மனிதவளப் பிரிவின் அம்மா, மிஸ்டர் ஊய், எதிரே ஆறுமுகம் அண்ணன், இஸ்திரி போட்ட சீருடையில். நான் இரண்டு சிலிண்டர், இரண்டு புட்டி, ஒரு குவளைத் தண்ணீரோடு உள்ளே போனேன். அந்த அறையில் பெட்ரோல் புட்டி கொண்டுபோவது பாதுகாப்பு விதிக்கு விரோதம். அந்த அம்மா வாயைத் திறந்தார், நான் மூடச் சொல்லவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"அண்ணே, நீங்க கேட்டீங்கள்ல. பாருங்க" என்றேன்.

இரண்டிலும் பத்து மில்லி தண்ணீர் விட்டேன். ஒன்றில் தொட்டியின் மேலிருந்து எடுத்த எண்ணெய், இன்னொன்றில் அடியிலிருந்து எடுத்தது. குலுக்கி மேசைமேல் வைத்தேன். முதலாவதில் கோடு பதினெட்டில் நின்றது. இரண்டாவதில் எண்பத்தைந்தைத் தாண்டி நின்றது. ஒரே தொட்டி. ஆறுமுகம் அண்ணன் முன்னால் குனிந்து, கண்ணை நேராக வைத்து இரண்டு கோட்டையும் பார்த்தார். என்னைவிடச் சரியாகப் பார்த்தார்.

பீப்பாய் மூச்சு விட்ட கதையைச் சொன்னேன். பதிவேட்டைத் திறந்து காட்டினேன். வெள்ளிக்கிழமை அவர் தொட்டிக்கு இறைத்தது எப்போதும் இறைக்கும் அளவுதான். வழியில் பெட்ரோல் போட்ட வண்டிக்கு அவ்வளவு பிடித்திருக்காது. அந்தப் பதிவேடு செவ்வாய்க்கிழமையும் அதே அலமாரியில்தான் இருந்தது. நான் திறக்கவில்லை. "என் அறிக்கை தப்பு. மாதிரி எடுத்த விதம் தப்பு. பீப்பாயை வெளிய வைக்கச் சொன்னதும் நான்தான்" என்று சொல்லி முடித்தேன்.

பதினைந்து நிமிடத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஆறு மாதம் கையெழுத்து அதிகாரம் இல்லை. வாடிக்கையாளருக்குத் திருத்த அறிக்கை எழுதினோம். அவர்கள் கோபப்படுவார்கள் என்று பயந்தோம். 'உங்கள் சென்சர் தண்ணீரைக் கண்டுபிடித்திருக்கிறதே' என்று கேட்டு, அதைப் பற்றியே நாலு பக்கம் கேள்வி அனுப்பினார்கள். மிஸ்டர் ஊய் பிறகு அதைத் தன் சாதனை மாதிரி எல்லோரிடமும் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். அது தப்பே செய்யாது, ஒப்புக்கொள்கிறேன். என் சிலிண்டரும் தப்புச் செய்யவில்லை. நீங்கள் கொடுத்த சொட்டைப் பற்றி அது உண்மை சொல்லும். அந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது, அதைக் கொண்டுவரும்போது உங்கள் மனசில் ஏற்கெனவே யார் முகம் இருந்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு எண் நீங்கள் நினைத்தபடியே வந்தால் அன்றைக்குத்தான் மறுபடி அளக்க வேண்டும். அந்த எண்ணால் பாதிக்கப்படுகிறவர் வாசலில் வந்து நின்று கேட்டால், பேருந்தை விட்டுவிட்டாவது அளக்க வேண்டும்.

விசாரணை முடிந்த அன்று மாலை நான் முற்றத்துக்குப் போனேன். ஆறுமுகம் அண்ணன் பிக்கப்பின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மன்னிச்சிருங்க அண்ணே" என்றேன்.

துடைப்பதை நிறுத்தவில்லை. "அளக்குறது தப்பாப் போறது சகஜம் லா. நான் ரிவர்ஸ் எடுக்குறப்ப எத்தன தூண இடிச்சிருக்கேன். ஆனா அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டேன் பாரு, அப்ப நீ நிமிந்து என் மொகத்தப் பாக்கல. அதுதான் ரெண்டு நாளா மனசுல கெடந்துச்சு."

"வீட்டுல அக்கா ரொம்பப் பயந்துட்டாங்களா?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாது. சொன்னா நெஞ்சு வலின்னு படுத்துக்குவா. புதன், வியாழன் ரெண்டு நாளும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, அவ கட்டிக் குடுத்த சாப்பாட்ட எடுத்துக்கிட்டு, அதே நேரத்துக்கு மோட்டர்ல பாலத்தத் தாண்டி வந்தேன். பத்து மாவுங் பக்கம் கடலோரமா ஒரு மரத்தடியில உக்காந்திருந்தேன். அஞ்சு மணி ஆனதும் திரும்பிப் போனேன்."

அழுதுவிட்டேன். முற்றத்தில் ஷிப்ட் மாறும் நேரம், ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள், நான் அழுதேன். அவர் துணியை உதறி மடித்தார்.

"இன்னிக்குப் போய் அக்காகிட்ட என்னண்ணே சொல்வீங்க?"

"என்னா சொல்றது? வேல முடிஞ்சு வந்தேன்னு சொல்வேன்." கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு நாளும் அதத்தான் சொன்னேன். இன்னிக்குத்தான் அது உண்ம."